சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

சங்கரன்கோவிலில் இருந்து தூத்துக்குடி கடற்கரைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நம்ம ஊரில் கடல் வாசம் அடிக்கிறது ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் கடைப் பக்கம் போகும்போது மட்டும்தான். அதனால "கடலைப் பாதுகாப்போம்"னு யாராவது சொன்னா, அது ராமேஸ்வரம், தூத்துக்குடிக்காரங்க பிரச்சினைன்னு நாம தாண்டிப் போயிடுவோம்.

ஆனா ஒரு நிமிஷம் மேப்பைத் திறந்து பாருங்க. ஊருக்கு வடக்கே கரிவலம்வந்தநல்லூரில், பால்வண்ணநாதர் கோயில் பக்கத்தில் நிட்சேப நதி இருக்கு. 'நதி'ன்னு சொன்னாலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணலும் சீமைக்கருவேலமும்தான். அந்த ஆற்றின் கோட்டை விரலால் தொட்டுக்கிட்டே கிழக்கே போங்க. அது வைப்பாற்றோடு சேரும். வைப்பாறு சாத்தூரைத் தாண்டி, விளாத்திகுளம் பக்கமா இறங்கி, சிப்பிகுளம் கிட்ட கடலில் கலக்கும். அந்தக் கடலுக்குப் பெயர் மன்னார் வளைகுடா.

அதாவது கரிவலத்தில் ஆத்துக்குள்ள வீசின ஒரு பிரியாணி பார்சல் கவருக்கு கடல் வரைக்கும் நேர் ரூட் இருக்கு. ஒன்பது மாசம் அது அங்கேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெரிய மழை பெய்து வெள்ளம் வந்தா, கொஞ்சம் முள்ளில் சிக்கும், கொஞ்சம் அணைக்கட்டில் தேங்கும், மிச்சம் கடலுக்குப் போயிடும். நாம கடற்கரையில் இல்ல, ஆனா கடலோட மேல்வாசலில் இருக்கோம்.

இந்தக் கட்டுரையில் அந்தக் கடலைப் பற்றியும், அதை யார் எப்படிப் பாதுகாக்கிறாங்க என்பதைப் பற்றியும் சொல்லப்போறேன். இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றிய விஷயம் ஒன்றுதான்: கடலை நம்பிப் பிழைக்கிறவங்க கையில் விதி போடும் உரிமையும் பொறுப்பும் இருந்த இடத்தில் பாதுகாப்பு நின்றது. மேலே இருந்து பூட்டு மட்டும் போட்ட இடத்தில் அது பாதியிலேயே தடுமாறியது. எப்படின்னு பார்க்கலாம்.

இருபத்தொரு தீவுகள்

தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரைக்கும், கரையை ஒட்டி ஒரு சங்கிலி மாதிரி 21 சின்னத் தீவுகள். தூத்துக்குடி பக்கம் வான், கோசுவாரி, விலாங்குசல்லி, காரியாசல்லி என நான்கு. வேம்பார் பக்கம் மூன்று. கீழக்கரை பக்கம் ஏழு. மண்டபம் பக்கம் குருசடை, முசல், மனோலி உட்பட ஏழு. இவற்றில் யாரும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. 1986-ல் தமிழ்நாடு அரசு இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இந்தியாவின் முதல் கடல்சார் உயிர்க்கோளக் காப்பகம் இதுதான்.

இந்தக் கடலில் மட்டும் 3,600-க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் இருப்பதாகக் கணக்கு. பவளங்களிலேயே 117 வகை. கடற்புல் வெளிகள், அதை மேயும் கடல்பசு, ஆமை, சங்கு, இறால், பாறை மீன், விளமீன் எல்லாம் இங்கேதான். நம்ம கடைக்கு ஐஸ் பெட்டியில் வரும் மீனில் பல இந்தப் பவளத்திட்டிலும் கடற்புல்லிலும் குஞ்சாக வளர்ந்தவை.

சிவில் நண்பர்களுக்கு ஒரு விஷயம். பவளத்திட்டு என்பது இயற்கை கட்டிய அலைத்தடுப்புச் சுவர். உலகம் முழுக்க எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, பவளத்திட்டுகள் சராசரியாக அலையின் ஆற்றலில் 97 சதவீதத்தைக் குறைக்கின்றன என்று சொன்னது. அதே வேலையைச் செய்ய நாம கான்கிரீட்டில் கட்டினா டெண்டர், எஸ்டிமேட், பராமரிப்பு என்று கோடிக்கணக்கில் போகும். பவளம் தன்னைத்தானே கட்டிக்கிட்டு, உடைஞ்சா தன்னைத்தானே ரிப்பேரும் பண்ணிக்கும். ஒரே கண்டிஷன், அதுக்கு நேரம் கொடுக்கணும். உருண்டை வகைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு.

காணாமல் போன இரண்டு தீவுகள்

21 தீவுன்னு சொன்னேன். இன்னைக்குப் படகில் போய் எண்ணினா 19-தான் கிடைக்கும். தூத்துக்குடி பக்கத்து விலாங்குசல்லியும், கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கடல்மட்டம் உயர்ந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. தீவைச் சுற்றி அரணாக இருந்த பவளத்தை மனிதன் வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம்.

எதுக்கு வெட்டினாங்க? பவளக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் போட்டுச் சுட்டா சுண்ணாம்பு. அப்படியே கல்லாக வைத்தா வீட்டுச் சுவர், சாலைக்கு அடித்தளம். பல பத்தாண்டுகள் வள்ளம் வள்ளமாகப் பவளம் கரைக்கு வந்தது. வெட்டினவங்களுக்கு அது கூலி வேலை. வாங்கினவங்களுக்கு மலிவான மூலப்பொருள். அலைக்கு மட்டும்தான் தெரியும், முன்னால இருந்த சுவர் போயிடுச்சுன்னு. சுவர் போனதும் அலை நேராகத் தீவின் மணலை அரிக்க ஆரம்பித்தது.

2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஆனாலும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. அது உண்மையில் ஓய்ந்தது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். நாகப்பட்டினம், கடலூர் பட்ட பாட்டோடு ஒப்பிட்டா இந்தக் கரைக்குச் சேதம் குறைவு. இலங்கையின் மறைவில் இருந்தது அதற்கு ஒரு முக்கியமான காரணம். ஆனா தீவுகளும் பார்களும் முன்னால் நின்று அலையை வாங்கிக்கொண்டன என்ற எண்ணமும் மீனவர் மனசில் ஆழமாகப் பதிந்தது. சட்டம் சொன்னபோது விழாத கணக்கு, சொந்த வீடு தப்பியதும் விழுந்தது. ஒரு பக்கம் கண்காணிப்பு கூடியது, இன்னொரு பக்கம் ஊர்களே "வேண்டாம்" என்றன. இரண்டும் சேர்ந்ததும்தான் பவளம் வெட்டுவது நின்றது.

ஆனா அதற்குள் நடந்த சேதத்துக்கு வட்டி இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவு 1986 வாக்கில் 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் அது 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2015 முதல் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் அரசும் சேர்ந்து, துளையிட்ட கான்கிரீட் செயற்கைத் திட்டுகளைத் தீவைச் சுற்றிக் கடலில் இறக்கின. அலையின் வேகம் குறைந்தது, மணல் தங்க ஆரம்பித்தது, திட்டின் மேல் பவளமும் மீனும் குடியேறின. நல்ல என்ஜினியரிங். ஆனா யோசிச்சுப் பாருங்க: சும்மா கிடைத்துக்கொண்டிருந்த ஒரு பொருளை உடைத்து விற்றுவிட்டு, அதே பொருளைக் காசு கொடுத்துச் செய்து திரும்ப வைக்கிறோம்.

பூட்டுப் போட்டால் போதுமா?

சிப்பிகுளத்தில் இருந்து கரையோரமாக வடகிழக்கே போனா வேம்பார், கீழக்கரை, மண்டபம் வழியாகப் பாம்பன் வரும். இந்தக் கரை முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுத்து வாழ்கிறாங்க. காலில் ரப்பர் செருப்பு, விரல்களில் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை. இதுதான் மொத்த உபகரணம். ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் இருக்கும் பாசியைக் கையால் பறித்து மேலே வருவாங்க. ஒரு நாளைக்குப் பல மணி நேரம் தண்ணிக்குள்ளதான். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவங்க ஒவ்வொரு பாசிக்கும் வைத்திருக்கும் பெயர்களே அழகு. ஐஸ்கிரீமில் சேர்க்கும் அகார், பயோடெக் லேபில் பெட்ரி டிஷ்ஷில் ஊற்றும் அகார் எல்லாம் இந்த மாதிரிப் பாசியில் இருந்து வருபவைதான்.

தேசியப் பூங்கா என்று 1986-ல் அறிவிப்பு வந்தது. கெடுபிடி அதிகமானது 2000-க்குப் பிறகு. சட்டப்படி பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. பாட்டி காலத்தில் இருந்து போய்வந்த தீவுக்கு, ஒரு காகிதத்தால் அவங்க அத்துமீறி நுழைபவர்கள் ஆகிவிட்டாங்க. பாசியைப் பறிமுதல் செய்வது, அபராதம் போடுவது எல்லாம் நடந்தது. வனத்துறையின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. பாசி வெட்டும்போது அடியில் உள்ள பவளம் உடையும். ஆட்கள் கூடக்கூட சேதமும் கூடும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது சட்டப்புத்தகத்தால் மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது.

அப்போ அந்தப் பெண்கள் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையின் மையம். அவங்க சங்கமாகச் சேர்ந்தாங்க. கிராமம் கிராமமாகப் பேசி, தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கிட்டாங்க. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் தடைக்காலத்தில் பாசிக்கும் லீவு. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை, கையால் மட்டும் பறிப்பது. இதை வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினாங்க. "எங்களைத் தடுக்காதீங்க"ன்னு மட்டும் கேட்காம, "நாங்க இப்படி இப்படிக் கட்டுப்பாட்டோட எடுக்கிறோம்"னு சொன்னாங்க. அதனால பேச்சுவார்த்தையின் தோரணையே மாறியது.

அந்தக் கூட்டமைப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி. சின்ன வயதிலிருந்தே பாசி எடுத்தவர். 2015-ல் உலக அளவில் தீவுகளின் சூழலைப் பாதுகாப்பவர்களுக்குத் தரும் 'சீகாலஜி' விருது அவருக்குக் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லிக்குப் போய் வாங்கினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண், கடல் வள மேலாண்மைக்காக அந்த மேடையில் நின்றார். நம்ம சிலபஸில் 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்று ஒரு யூனிட் இருக்கே, அதில் இவர் பெயர் வரணும்.

குளத்துக் கணக்கும் கடலுக்குப் பொருந்தும்

1968-ல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். பொதுவான மேய்ச்சல் நிலம் என்றால் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று ஓட்டி வருவார்கள். கடைசியில் புல்லே இருக்காது. அதனால் அரசு கையில் எடுக்கணும், இல்லைன்னா தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கணும் என்று பலரும் அதிலிருந்து முடிவு கட்டினார்கள்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற பேராசிரியர் இதை நம்பவில்லை. பல நாடுகளில் ஊர்மக்களே பார்த்துக்கொள்ளும் வாய்க்கால்கள், காடுகள், மீன்பிடித் துறைகளின் கதைகளைத் தேடி ஆராய்ந்தார். 1990-ல் புத்தகமாக எழுதினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று இல்லை, சில அடிப்படைகள் சரியாக இருந்தால் மக்கள் அதைப் பல தலைமுறைக்குக் காப்பாற்றுவார்கள் என்பதே அவர் கண்டது.

அந்த அடிப்படைகள் என்னென்ன என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். நம்ம ஊர்க் குளத்துக் கரைக்குப் போனா போதும். இந்தக் குளத்துத் தண்ணி எந்தெந்த வயலுக்கு என்று ஆயக்கட்டு உண்டு. எந்த மடையை எப்போ திறக்கணும் என்று முறை உண்டு. அதைத் திறக்க ஊரே அமர்த்திய நீர்பாய்ச்சி உண்டு. அவருக்குக் கூலி அறுவடையில் நெல்லாக வரும். முறை தவறினால் ஊர்க்கூட்டத்தில் தண்டம் உண்டு. கரை மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்ற குடிமராமத்தும் உண்டு. பல ஊரில் இன்று இவை தேய்ந்துபோயிருக்கலாம். ஆனா உங்க தாத்தாவிடம் கேட்டா ஒவ்வொன்றையும் விளக்குவார்.

இதை நான்கு கேள்வியாகச் சுருக்கலாம். யாருக்கு உரிமை? விதி போட்டது யார்? யார் கண்காணிக்கிறா? மீறினால் என்ன நடக்கும்?

பாசி எடுக்கும் பெண்களிடம் இதைப் பொருத்திப் பாருங்க. உரிமை அந்தக் கரைக் கிராமத்துப் பெண்களுக்கு. விதியை அவங்களே போட்டாங்க. கண்காணிப்பது கூடவே முங்கும் பெண். மீறினால் மறுநாள் அதே படகில் அதே முகங்களைப் பார்த்தாகணும். அதைவிடப் பெரிய தண்டனை ஊரில் என்ன இருக்கு?

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவங்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். ஃபீட்பேக் லூப்பில் தாமதம் கூடினா சிஸ்டம் நிலைதடுமாறும். தீவில் பாசி குறைந்தது என்ற தகவல் அறிக்கையாகி, தலைநகருக்குப் போய், உத்தரவாகத் திரும்பி வர வருஷங்கள் ஆகும். தண்ணிக்குள் முங்கும் பெண்ணுக்கு அது அடுத்த முறை முங்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். யாரிடம் சென்சார் இருக்கோ அவங்க கையிலேயே கன்ட்ரோலும் கொஞ்சம் இருக்கணும்.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. தூத்துக்குடி சங்குக் குளிப்பில் சங்குக்கு ஓர் அளவு உண்டு. குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது, கடலுக்கே திரும்பப் போகணும். மெட்ராலஜி லேபில் நாம பார்க்கும் 'கோ, நோ-கோ கேஜ்' தத்துவம்தான். குட்டிச் சங்கு வளர்ந்து முட்டையிட ஒரு வாய்ப்புக் கொடுப்பதே அதன் நோக்கம். ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று நாள் பிரித்துக் கொண்டார்கள். மோதலில் வலையும் ரத்தமும் போன பிறகு உருவான ஏற்பாடு அது. பாக் நீரிணைப் பக்கம் வலையில் மாட்டிய கடல்பசுவை, தன் வலையை அறுத்து மீனவர்களே விடுவித்த சம்பவங்கள் பல. அந்தப் பகுதியில்தான் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.

வெளிநாட்டிலும் இதே பாடம். பிலிப்பைன்ஸில் ஆப்போ என்று ஒரு குட்டித் தீவு. சிலிமான் பல்கலைக்கழக விஞ்ஞானி ஏஞ்சல் அல்காலா அங்குள்ள மீனவர்களிடம் பல வருஷம் பேசினார். 1982-ல் தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் யாரும் மீன் பிடிப்பதில்லை என்று ஊர்க்காரர்கள் முடிவெடுத்தார்கள். உள்ளே பெருகிய மீன் எல்லைக்கு வெளியே வந்தது, மீனவருக்கு அங்கே கிடைத்தது. பேங்கில் டெபாசிட் போட்டு வட்டியை மட்டும் எடுத்துச் செலவு பண்ற மாதிரி. ஒரு தீவு செய்ததைப் பார்த்து பிலிப்பைன்ஸில் நூற்றுக்கணக்கான கரைக் கிராமங்கள் இந்த முறைக்கு வந்தன.

இது எங்கே தோற்கும்?

ஊர் விதி போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மூன்று இடத்தில் அதன் கை எட்டாது.

முதல் இடம், வெளியாள். 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் பாரம்பரிய மீனவருக்கு. இழுவைமடி போட்ட விசைப்படகு அதற்குள் வந்தால், ஒரு கிராமம் பத்து வருஷம் காத்த கடற்புல்லை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். இங்கே ஊர்ச் சங்கம் போதாது. சட்டமும் ரோந்துப் படகும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான், கரை முழுக்க ஒரே நேரத்தில் அரசு போட்டால்தான் அது வேலை செய்யும்.

இரண்டாவது இடம், நல்ல எண்ணத்தில் வரும் தவறான தீர்வு. மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வருமானம் என்று 'கப்பாஃபைகஸ்' என்ற பிலிப்பைன்ஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கும் திட்டம் மண்டபம் பகுதிக்கு வந்தது. பல பெண்களுக்கு அது நல்ல வருமானமும் கொடுத்தது. ஆனா 2008-ல் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அந்தப் பாசி போர்வை மாதிரி படர்ந்து கிடப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெயில் கிடைக்காமல் அடியில் பவளம் செத்தது. புதிதாக ஒன்றைக் கடலில் இறக்கும் முன் அந்த இடத்தைத் தினமும் பார்க்கிறவர்களையும் கேட்கணும், உயிரியல் படித்தவர்களையும் கேட்கணும்.

மூன்றாவது இடம், வெப்பம். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி அப்படியே நின்றால், பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. 2016-ல் 39 சதவீதத்தை ஒட்டி இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. சின்னப்பாலத்துப் பெண்கள் 12 நாள் என்ன, ஆறு நாள் மட்டும் முங்கினாலும் இதைத் தடுக்க முடியாது. அது உலகம் முழுக்கப் போடும் புகையின் கணக்கு. ஆனா ஒன்று உண்டு. வலை, குப்பை, கழிவுநீர் என்று வேறு தொல்லை குறைவாக உள்ள பவளம் வெளுத்த பிறகும் எழுந்து வர வாய்ப்பு அதிகம். காய்ச்சல் வருவதைத் தடுக்க முடியாது, ஆனா சாப்பிட்டுத் தெம்பா இருக்கிறவன் சீக்கிரம் எழுந்து உட்காருவான் இல்லையா, அந்த மாதிரி.

மேல்வாசலில் இருக்கும் நாம

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். அந்த நான்கு கேள்வியில் முதலாவது, யாருக்கு உரிமை, யாருக்குப் பொறுப்பு? கடற்கரைக் கிராமங்களில் 200-க்கும் மேற்பட்ட ஊர்களில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை மூலமாகப் பாதுகாப்புக் குழுக்கள் அமைத்தார்கள். சுயஉதவிக் கடன், பிள்ளைகளுக்குப் பயிற்சி, தீவுக் கண்காணிப்பு என்று வேலைகள் நடந்தன. அந்தப் பட்டியலில் கரிவலம் இல்லை, சாத்தூர் இல்லை, நம்ம யாரும் இல்லை. ஆனா ஆற்றில் போகும் குப்பையில் நம்ம பங்கு இருக்கு. பங்கு இருக்கு, பொறுப்பு இல்லை என்றால், குளத்துத் தண்ணியை எடுத்துக்கொண்டு குடிமராமத்துக்கு ஆள் அனுப்பாத வீடு மாதிரிதான் நாம.

என்ன செய்யலாம்? பெரிசா ஒன்றும் வேண்டாம்.

ராமேஸ்வரம் டூர் போனா பவளத் துண்டு, அரிய சங்கு, சிப்பி விற்றால் வாங்காதீங்க. பவளத்தை விற்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம், அழகுப் பொருள் என்று அலமாரியில் வைத்தாலும் குற்றம்தான்.

தடைக்காலத்தில் கடல் மீன் ஏன் விலை கூடுது என்று வீட்டில் கேட்டா, காரணத்தைச் சொல்லுங்க. அந்த ரெண்டு மாசம் குளத்து மீன் சாப்பிடலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறீங்களா? நிட்சேப நதியில் இருந்து வைப்பாறு வரை எந்தெந்தப் பாலத்தடியில் குப்பை சேருது என்று ஒரு மேப் போடுங்க. சின்ன ஓடைகளில் மழைநீர் போகணும், குப்பை நிற்கணும் என்ற மாதிரி குறைந்த செலவில் ஒரு தடுப்பு வடிவமைக்க முடியுமா என்று சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் சேர்ந்து பாருங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பிக்கும் முன் ஆற்றோரம் ஆடு மேய்ப்பவரிடமும் பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளரிடமும் பேசுங்க. வெள்ளம் எந்த உயரத்துக்கு வரும், எது அடைக்கும் என்று அவங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது.

மாணவர்களால் என்ன முடியும் என்று சந்தேகமா? சென்னையில் 1988-ல் சில மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு இன்னமும் நடக்குது. ஜனவரி முதல் சில மாதங்கள், இரவெல்லாம் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுறாங்க. ஒரு பேட்ச் படிப்பு முடித்துப் போனா அடுத்த பேட்ச் வரும். 35 வருஷத்துக்கு மேலாக இது நின்றதில்லை. நம்ம கிளப்புகள் பல ஒரே செமஸ்டரில் மூடப்படுவதை நினைத்தா, இதன் மதிப்பு புரியும்.

கடைசியாக ஒன்று. 18 வயது முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தா, உங்க ஊர்க் கிராமசபையில் நீங்க ஓர் உறுப்பினர். அதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராமசபை கூடும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அந்த மாதக் கடைசி வாக்கில்தான் தொடங்கும். அதாவது ஆறு இன்னும் காய்ந்து கிடக்கும்போது, வெள்ளம் வர இரண்டு மூன்று வாரம் முன்பு, ஊரே கூடி உட்காரும் ஒரு நாள் நமக்கு இருக்கு. "மழைக்கு முன் ஆற்றுப்படுகையில் கிடக்கும் குப்பையை எடுக்கணும், இனி அங்கே கொட்டக் கூடாது, யார் பார்த்துக்கொள்வது என்று இப்பவே முடிவு செய்யணும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவர எழுந்து நின்று பேசினால் போதும்.

நாலு பேர் சிரிக்கலாம். "கடலைக் காப்பாத்தவா வந்திருக்க?"ன்னு கேட்கலாம். ஆமான்னு சொல்லிட்டு, மேப்பைக் காட்டுங்க.